ஆமென் சொல்ல அவருக்கு இயலுமா?

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 14:6-25



கொரிந்து பட்டணத்துச் சபை வரங்களில் குறைவில்லாத சபை. அங்கே தீர்க்கதரிசனம் இருந்தது, அந்நியபாஷை இருந்தது, ஜெபத்திலும் பாட்டிலும் அனல் இருந்தது. அப்படிப்பட்ட சபைக்கு எழுதும்போது, அப்போஸ்தலனாகிய பவுல் சபையினுள் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அது மூப்பர் அமரும் இடமல்ல. பாடுகிறவர் நிற்கும் இடமுமல்ல. நடப்பது இன்னதென்று அறியாமல் வந்து அமர்ந்திருக்கும் ஒருவருடைய இடம் அது. நீ ஆவியினால் நிறைந்து ஸ்தோத்திரம் செய்தாலும், நீ சொல்வது இன்னதென்று அறியாத அந்த மனிதர் எவ்விதம் ஆமென் சொல்லுவார் என்று 16-ஆம் வசனத்தில் பவுல் கேட்கிறார்.

நம்முடைய வேதாகமம் அந்த மனிதரைக் 'கல்லாதவன்' என்று குறிப்பிடுகிறது. மூலமொழியாகிய கிரேக்கத்தில் அச்சொல் பள்ளிக்கூடம் செல்லாதவரை மட்டும் குறிப்பதன்று. ஒரு காரியத்தில் பழக்கமில்லாதவர், அதற்கு வெளியே நிற்பவர் என்பதே அதன் கருத்து. பட்டங்கள் பல பெற்ற மென்பொருள் பொறியாளரும் நம் ஆராதனைக்கு முதன்முறை வரும்போது இந்தக் கருத்தின்படி 'கல்லாதவர்'தான். அவருடைய வாயிலிருந்து உள்ளம் அறிந்த ஓர் ஆமென் பிறக்க வேண்டும் என்பது பவுலின் வாஞ்சை. இம்மாதம் நாம் ஆராய வேண்டிய கேள்வியும் இதுவே: நம் சபையின் கடைசி வரிசையில் புதிதாய் வந்து அமர்ந்திருப்பவருக்கு ஆமென் சொல்ல இயலுமா?

பெந்தெகொஸ்தே நாளின் முதற்பிரசங்கம்

பெந்தெகொஸ்தே என்னும் பெயரைத் தரித்திருக்கிற நாம், அந்நாளில் நடந்ததை மறுபடியும் கவனமாய் வாசிக்க வேண்டும். அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கினபோது, பல தேசங்களிலிருந்து வந்தவர்கள் தேவனுடைய மகத்துவங்களைத் தங்கள் தங்கள் ஜென்மபாஷையிலே கேட்டார்கள். எனினும் அத்தனை பேருக்கும் எல்லாம் விளங்கிவிடவில்லை. சிலர் திகைத்தார்கள், சிலர் இவர்கள் மதுபானத்தினால் வெறிகொண்டவர்கள் என்று பரியாசம் பண்ணினார்கள்.

அப்பொழுது பேதுரு என்ன செய்தார்? பரியாசம் பண்ணினவர்களை அவர் கடிந்துகொண்டு துரத்தவில்லை. ஆவிக்குரியவர்களுக்கு மட்டுமே இது விளங்கும் என்று சொல்லி மறுபடியும் ஜெபிக்கத் திரும்பவுமில்லை. எழுந்து நின்று, சத்தத்தை உயர்த்தி, இது இன்னதென்று விளக்கினார். பொழுது விடிந்து மூன்றாம் மணிவேளைதான் ஆயிற்று என்ற சாதாரண நியாயத்தைச் சொன்னார். பின்பு யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்திற்குச் சென்றார். ஆகவே சபையின் முதற்பிரசங்கம் வெளியே நின்ற மனிதருடைய கேள்விக்குப் பதிலாகவே பிறந்தது. அந்த விளக்கத்திற்குப் பின்னரே அவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டார்கள். அன்றையதினம் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள்.

விளக்கம் சொல்வது ஆவியானவருடைய கிரியைக்குத் தடை என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே உண்டு. பெந்தெகொஸ்தே நாளிலோ, விளக்கம் ஆவியானவருடைய கிரியையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

நம்முடைய பட்டணத்தில் நடந்தது

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இந்தச் சத்தியத்தைக் கற்பிக்க, இந்தப் பட்டணத்தின் சரித்திரமே ஒரு பாடமாக இருக்கிறது.

1906-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள அசூசா வீதியில் உண்டான எழுப்புதலைப்பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே அபிஷேகம் பெற்றவர்களில் ஆல்பிரட் ஜி. கார் என்னும் போதகரும் ஒருவர். தமக்கு அருளப்பட்ட அந்நியபாஷை வங்க மொழியே என்று அவர் நம்பினார். ஆகவே அம்மொழி பேசும் மக்களுக்குச் சுவிசேஷம் அறிவிக்கும்படி, தம் மனைவி லில்லியனுடன் கடல்கடந்து புறப்பட்டு, 1907-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஊழியத்தை ஆரம்பித்தார். லால்பஜாரிலுள்ள பாப்டிஸ்டு ஆலயத்தில் அவருடைய கூட்டங்கள் நடந்தன. அநேகர், விசேஷமாக மிஷனரிகள், அங்கே ஆவியின் நிறைவை நாடினார்கள், எழுப்புதல் உண்டாயிற்று.

ஆனால் அந்நியபாஷையின் மூலம் இந்நாட்டு மக்களுக்கு அவர்கள் மொழியில் பிரசங்கிக்கத் தம்மால் இயலவில்லை என்பதை அவர் இந்தப் பட்டணத்தில்தான் கண்டறிந்தார். இது ஒரு ஊழியனுக்கு எவ்வளவு பெரிய சோதனை! அவர் மனமடிந்து ஊர் திரும்பியிருக்கலாம். தாம் பெற்ற வரத்தையே மறுதலித்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. வேதத்தை மறுபடியும் ஆராய்ந்தார். அந்நியபாஷை ஆவியின் அபிஷேகத்திற்கு அடையாளம், அது தேவனை நோக்கிய ஜெபத்திற்கும் துதிக்கும் உரியது, மற்ற மொழியாருக்குப் பிரசங்கிப்பதற்கு அது மாற்றாகாது என்று அதுமுதல் கற்பித்தார். அதே ஆண்டில் ஹாங்காங் சென்றபோது, மொக் லாய் சீ என்னும் சீன சகோதரர் மொழிபெயர்க்க அவர் பிரசங்கித்தார். அந்த மொழிபெயர்ப்பாளரே பின்னர் அங்கே சபையை நடத்தி, 1908-ஆம் ஆண்டு முதல் சீன மொழியில் ஒரு பெந்தெகொஸ்தே பத்திரிகையையும் வெளியிட்டார்.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். தேவனோடு பேசும் பாஷையை ஆவியானவர் ஒரு நொடியில் அருளலாம். அயலாரோடு பேசும் பாஷையையோ நாம் வருந்திக் கற்கவேண்டும், அல்லது ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடவேண்டும். முந்தினதைப் பெற்றவர் பிந்தினதற்கு உழைக்காமல் இருக்க நியாயமில்லை.

அந்தக் கூட்டங்கள் நடந்த லால்பஜார் ஆலயத்திற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது வில்லியம் கேரியும் அவருடைய உடன் ஊழியர்களும் எழுப்பி, 1809-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆலயம். கேரி 1793-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கல்கத்தாவில் வந்திறங்கினார். ராம் ராம் பாசு என்னும் முன்ஷியிடம் வங்க மொழியைக் கற்றார். வட வங்காளத்தில் அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். 1800-ஆம் ஆண்டில் செராம்பூருக்குக் குடிவந்தார். நம் தரங்கம்பாடியைப்போலவே செராம்பூரும் அந்நாட்களில் டேனியர் வசமிருந்த ஊர். தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழைக் கற்று, 1715-ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததுபோல, கேரியின் வங்கப் புதிய ஏற்பாடு செராம்பூரில் 1801-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கேரியின் ஊழியத்தில் முதல் வங்க விசுவாசி ஞானஸ்நானம் பெற ஏழு ஆண்டுகள் சென்றன. அவர் கிருஷ்ண பால் என்னும் தச்சர். அவருடைய கை மூட்டு நழுவியபோது, கேரியின் உடன் ஊழியரான மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார். அந்தச் சமயத்தில் அவர் சுவிசேஷத்தைக் கேட்டார். 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி சாதிக் கட்டை மீறி மிஷனரிகளோடு உட்கார்ந்து உணவருந்தினார்; 28-ஆம் தேதி ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய பெயரை ஒருவரும் மாற்றவில்லை. அவர் கடைசிவரை கிருஷ்ண பாலாகவே இருந்தார். அவர் தம் சொந்த மொழியில் ஞானப்பாடல்கள் இயற்றினார். அவற்றில் ஒன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு மேல்நாட்டுப் பாட்டுப் புத்தகங்களிலும் இடம்பெற்றது. ஆமென் சொல்ல இயலாதவராய் வந்த மனிதர், மற்றவர்கள் ஆமென் சொல்லும்படி பாடல் எழுதுகிறவரானார். அவருக்கு விளங்கும் மொழியைக் கற்பதற்கு ஒருவர் ஏழு ஆண்டுகளைச் செலவிட்டிருந்தார்.

நம்மிடம் வரும் புதியவர் யார்?

கொல்கத்தாவின் தமிழ்ச் சபைகளுக்கு மூன்று வகையான புதியவர்கள் வருகிறார்கள்.

முதலாவது, வங்கிப் பணியிலோ, ரயில்வேயிலோ, மத்திய அரசு அலுவலகத்திலோ மாற்றலாகி வந்தவர். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் வேலை கிடைத்து வந்த வாலிபர். படிக்க வந்த மாணவி. இவர்களில் சிலர் கிறிஸ்தவர் அல்லர். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் தமிழ்ச் சத்தமும் தேடிப் போவதுபோல, தாய்மொழியைக் கேட்கும் ஏக்கத்தோடும், தனிமையின் பாரத்தோடும் நம் வாசலுக்கு வருகிறார்கள்.

இரண்டாவது, நம்முடைய அயலகத்தாராகிய வங்காளிகள், இந்தி பேசுவோர், நம் வீட்டு வேலையில் துணைசெய்யும் சகோதரிகள். வியாதியிலோ குடும்பத் துயரத்திலோ நாம் ஜெபித்ததை அறிந்து, ஒருநாள் உங்களோடு வருகிறேன் என்று கேட்கிறவர்கள்.

மூன்றாவது வகையினரைத்தான் நாம் காணத் தவறுகிறோம். அவர்கள் நம் சொந்தப் பிள்ளைகள். இங்கே பிறந்து, ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் இந்தியிலும் கல்வி கற்கிற நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஆனால் அவர்களில் அநேகருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேச்சுத் தமிழ் அறிந்தவர்களுக்கு நம் வேதாகமத்தின் தமிழ் வேறொரு மொழிபோல ஒலிக்கிறது. பவர் ஐயரின் குழுவினர் திருத்தி 1871-ஆம் ஆண்டில் வெளிவந்த வேதாகமத்தின் நடையே நம் ஜெபத்திலும் பிரசங்கத்திலும் ஊறியிருக்கிறது. அதை நாம் நேசிக்கிறோம். அதிலேயே நம் தாய்மார் ஜெபித்தார்கள். எனினும், தகப்பனார் கண்ணீரோடு பாடும் பாட்டின் பொருள் தெரியாமல் பக்கத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை கலகம் பண்ணுகிறதில்லை. கைப்பேசியை எடுப்பதும் அவமதிப்பினால் அல்ல. அங்கே தனக்கு ஒன்றும் விளங்காததினால்தான்.

அந்நிய வீட்டார் ஒருநாள் வந்து திரும்பிப் போனால் நமக்குத் தெரியும். நம் பிள்ளையோ பதினெட்டு ஆண்டுகள் வாரந்தோறும் வந்து, பெங்களூரிலோ புனேயிலோ வேலை கிடைத்துச் சென்றபின், ஆராதனையையே விட்டுவிடும்போதுதான் நாம் திடுக்கிடுகிறோம். அது அன்று விட்டுப்போகவில்லை, பிரியமானவர்களே. அது ஒருபோதும் உள்ளே அழைத்து வரப்படவில்லை.

பஸ்காவை நியமித்தபோதே கர்த்தர் இதற்கு வழி செய்திருந்தார். இந்த ஆராதனையின் கருத்து என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள் என்றும், அப்பொழுது சொல்லவேண்டிய பதில் இன்னதென்றும் யாத்திராகமம் 12:26, 27 வசனங்களில் காண்கிறோம். பிள்ளையின் கேள்வி பஸ்காவிற்கு இடையூறாக அல்ல, பஸ்காவின் ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டது.

நம் சொற்கள் அவர்கள் காதில்

நாம் அன்றாடம் வழங்கும் சில சொற்களை, முதன்முறை கேட்பவரின் செவியோடு கேட்டுப் பாருங்கள்.

'மாம்சத்தை ஜெயிக்க வேண்டும்' என்று நாம் பிரசங்கிக்கிறோம். பாவத்திற்கு இழுக்கும் சுபாவத்தை நாம் கருதுகிறோம். கேட்பவரோ, இவர்கள் புலால் உண்பதில்லைபோலும் என்று எண்ணுகிறார். 'சாட்சி சொல்ல வாருங்கள்' என்கிறோம். அவருக்குத் தெரிந்த சாட்சிக் கூண்டு நீதிமன்றத்தில் இருக்கிறது. 'இரத்தம் ஜெயம்' என்று முழங்குகிறோம். கல்வாரியை அறியாதவருக்கு அது அச்சத்தைத் தருகிறது. 'உங்களுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன்' என்றால், தாம் பிறருக்குச் சுமையாகிவிட்டோமோ என்று அவர் கூசுகிறார். 'நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?' என்று வாசலிலேயே கேட்கிறோம். எதிலிருந்து என்று அவருக்குத் தெரியாது.

இச்சொற்களை விட்டுவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவற்றுள் நம் விசுவாசத்தின் ஆழம் அடங்கியிருக்கிறது. ஒரு பிரசங்கத்தில் இத்தகைய சொல் முதன்முறை வரும்போது, ஒரே வாக்கியத்தில் அதன் பொருளைச் சொல்லிவிட்டுப் போவோம் என்பதே என் வேண்டுகோள். நெகேமியா 8:8-ஐ வாசியுங்கள். தண்ணீர் வாசலண்டையிலே நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டபோது, லேவியர் அதற்கு அர்த்தம் சொல்லி, ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். அந்த ஜனங்களும் பாபிலோனிலே குடியேறி வாழ்ந்து திரும்பிய குடும்பங்களே. விளங்கினபின் அவர்கள் அழுதார்கள். பின்பு மிகுந்த சந்தோஷம் கொண்டாடினார்கள். அழுகையும் சந்தோஷமும் விளக்கத்தைத் தொடர்ந்து வந்தன.

சபைகள் செய்யக்கூடியவை

1. அருகில் அமர ஒருவர். புதியவரை முன்வரிசைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டாம்; எல்லாருக்கும் முன்பாக எழுந்து நின்று பெயர் சொல்லும்படி கேட்கவும் வேண்டாம். பொறுமையுள்ள விசுவாசி ஒருவர் அவர் அருகில் அமரட்டும். பாதரட்சையை எங்கே விடுவது, எப்பொழுது எழுந்து நிற்பது, வேதாகமத்தில் அந்தப் பகுதி எங்கேயிருக்கிறது என்பதை மெதுவாய்க் காட்டிக்கொடுப்பதும் ஓர் ஊழியமே. மொழி அறியாதவராயின், பிரசங்கத்தின் சாரத்தை வங்காளத்திலோ இந்தியிலோ தாழ்ந்த குரலில் சொல்லலாம். நம் வாலிபர்கள் இதற்கு மிகவும் தகுந்தவர்கள். மொழிபெயர்க்கும்போது அவர்களும் செய்தியைக் கூர்ந்து கேட்பார்கள்.

2. பாடல். எண்ணை மட்டும் அறிவித்துவிட்டுப் பாடத் தொடங்கினால், புத்தகம் இல்லாதவர் ஊமையாய் நிற்பார். சொற்கள் எல்லாருடைய கண்ணுக்கும் தெரியட்டும். தமிழ் எழுத்தோடு ஆங்கில எழுத்திலும் அவற்றை எழுதிக் காட்டினால் நம் பிள்ளைகள் பாடுவார்கள். அதோடு நின்றுவிடாமல், பாட்டின் கருத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். உச்சரிக்கத் தெரிவது வேறு, உணர்ந்து பாடுவது வேறு. ஆவியோடும் கருத்தோடும் பாடுவதைப்பற்றி 1 கொரி. 14:15 நமக்குக் கற்பிக்கிறது.

3. கூட்டு ஜெபமும் அந்நியபாஷையும். சபையார் யாவரும் ஏகமாய்ச் சத்தமிட்டு ஜெபிக்கும் நேரம் நமக்கு மிக இனியது. புதியவருக்கோ அதுவே மிகக் கடினமான நேரம். நம் நகரத்துச் சகோதரி ஒருவர் தம் அண்டை வீட்டு வங்காள அம்மையாரை ஆராதனைக்கு அழைத்து வந்தார். திரும்பும் வழியில் அந்த அம்மையார், "தீதி, நீங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்களே, கடவுள் யார் சொல்வதைக் கேட்பார்?" என்று வினவினார். அச்சகோதரி கோபங்கொள்ளவில்லை. "உங்கள் நான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அம்மா என்று அழைத்தால், எந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அந்த அம்மையார் மறுவாரமும் வந்தார். இந்த நல்ல விளக்கத்தை ஆராதனை நடத்துகிறவர் முன்னதாகவே சொல்லலாம்: இப்பொழுது நாம் ஒவ்வொருவரும் நம் இருதயத்தைத் தேவனிடத்தில் ஊற்றப்போகிறோம், சிலர் ஆவியானவர் அருளும் பாஷையில் ஜெபிப்பார்கள், நீங்கள் அமைதியாய் அமர்ந்து உங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கலாம். இதற்கு அரை நிமிடம் போதும். சபைக்கென்று அந்நியபாஷையில் ஒரு செய்தி உண்டானால், அர்த்தம் சொல்லப்படும்வரை காத்திருக்கும் ஒழுங்கை 1 கொரி. 14:27, 28 வசனங்களின்படி கைக்கொள்வோம்.

4. காணிக்கை. காணிக்கைப் பை நெருங்கும்போது, எவ்வளவு இடவேண்டும், இடாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று புதியவர் தவிக்கிறார். காணிக்கை சபையாரின் நன்றிபலி, விருந்தினராய் வந்தவர்கள் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை என்று வெளிப்படையாக அறிவியுங்கள். சுவிசேஷம் இலவசமானது என்பதை அந்த ஓர் அறிவிப்பே பிரசங்கித்துவிடும்.

5. திருவிருந்து. அப்பமும் பானமும் எதைக் குறிக்கின்றன, யார் அதில் பங்குபெறுகிறார்கள், ஏன் என்பதைப் பரிமாறுமுன் அன்போடு விளக்குங்கள். பங்குபெறாதவர் பிரசாதம் மறுக்கப்பட்டவரைப்போல வெட்கப்பட நேரிடலாகாது. அவருக்காகவும் ஒரு ஜெபம் ஏறெடுங்கள்.

6. ஆராதனைக்குப் பின். கிருஷ்ண பால் மிஷனரிகளின் பந்தியில் அமர்ந்த நாளை மறந்துவிடாதிருங்கள். ஒரு குவளை தேநீரும் ஒரு வேளை உணவும் நெடும்பிரசங்கம் செய்யாததைச் செய்யும். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வியை நாம் விலக்கவேண்டும். "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, "ஊரில் எந்தத் தெரு? யாருடைய குடும்பம்?" என்று போகும் விசாரணை எதைத் தேடுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஆயிரம் மைல் தாண்டி வந்த ஒருவர், தாம் விட்டுவந்ததாக எண்ணிய சுவரைச் சபையின் தேநீர்க் குவளைக்குப் பின்னால் மறுபடியும் காணலாகாது. நம் பாடல் யாவும் அவருக்கு விளங்கினாலும், இந்த ஒரு கேள்வி கதவை அடைத்துவிடும். யாக்கோபு 2:1-4 வசனங்களில் உள்ள எச்சரிப்பு, எந்த மனிதருக்கு எந்த இடம் கொடுக்கிறோம் என்பதைப்பற்றியதே.

எழக்கூடிய ஒரு கேள்வி

சிலர் கேட்கலாம்: ஆராதனை தேவனுக்குரியதல்லவா? மனிதருடைய வசதிக்கேற்ப அதை மாற்றத் தொடங்கினால், நாளைக்கு அபிஷேகமும் போய்விடாதா? மனந்திரும்புதலைப் பிரசங்கிக்க முடியுமா?

இந்தப் பயம் நியாயமானது. புதியவரைப் பிரியப்படுத்தச் சத்தியத்தைக் குறைத்த சபைகளும் உலகில் உண்டு. ஆனால் பவுல் சொல்வதை முற்றிலும் வாசியுங்கள். 24, 25 வசனங்களில், விளங்கும் வார்த்தையைக் கேட்ட புதியவர் மகிழ்ந்து கைதட்டிவிட்டுப் போகவில்லை. அவருடைய இருதயத்தின் அந்தரங்கங்கள் வெளியரங்கமாகின்றன. அவர் முகங்குப்புற விழுந்து தேவனைப் பணிந்துகொள்கிறார். தேவன் உங்களுக்குள்ளே இருக்கிறார் என்று அறிக்கையிடுகிறார். விளக்கம் சுவிசேஷத்தின் கூர்மையை மழுக்குவதில்லை. விளங்காத சொல் ஒருவரையும் குத்தாது. விளங்கிய சொல்லே இருதயத்தைத் தொடும். கேட்டு, விளங்கிக்கொண்டு, வேண்டாம் என்று ஒருவர் சென்றால் அது அவருடைய தீர்மானம். அதை மதித்து, எப்போதும்போல அன்புகூருவோம். விளங்காமலே சென்றாரானால், அவர் எதை மறுத்தார் என்று அவருக்கே தெரியாது.

பதினாயிரம் வார்த்தைகளை அந்நியபாஷையில் பேசுவதிலும், மற்றவர்களை உணர்த்தும்படி கருத்தோடே ஐந்து வார்த்தைகளைப் பேசுவது தமக்கு விருப்பம் என்ற பொருளில் பவுல் 19-ஆம் வசனத்தில் எழுதுகிறார். அதை எழுதியவர் அந்நியபாஷையை அறியாதவர் அல்லர். தாம் எல்லாரிலும் அதிகமாய் அதில் பேசுகிறதற்காக முந்தின வசனத்தில்தான் தேவனுக்கு நன்றி செலுத்தியிருந்தார்.

இம்மாதத்திற்கு ஒரு பயிற்சி

வாசகர்களாகிய நீங்கள் இம்மாதத்தில் இரண்டு காரியங்களைச் செய்யும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலாவது, ஓர் ஓய்வுநாளில் நீங்கள் வழக்கமாய் அமரும் இடத்தை விட்டுக் கடைசி வரிசையில் அமருங்கள். ஜெபித்துக்கொண்டே கவனியுங்கள். புதிதாய் வந்த ஒருவருக்கு எந்தெந்த இடத்தில் ஒரு வாக்கியத் துணை தேவைப்பட்டிருக்கும் என்று குறித்துக்கொண்டு, அதை உங்கள் போதகரிடம் தாழ்மையோடு தெரிவியுங்கள்.

இரண்டாவது, அன்று இரவு குடும்ப ஜெபத்தில், சபையில் பாடிய ஒரு பாட்டின் பொருளை உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். தேர்வு வைப்பதுபோல வேண்டாம். தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் கடிந்துகொள்ளாதிருங்கள். ஒவ்வொரு வரியாக, வீட்டில் பேசும் தமிழில், அல்லது பிள்ளை அறிந்த மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பாட்டு உங்களுக்கு எந்த நாளில் ஆறுதலாயிருந்தது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கண்ணீருக்குக் காரணம் என்னவென்று அந்தப் பிள்ளை அறிந்துகொள்ளட்டும்.

கேரி ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். ஆல்பிரட் கார் தம் எண்ணத்தை வேதத்தின் வெளிச்சத்தில் திருத்திக்கொண்டார். நம்மிடம் கேட்கப்படுவது ஆராதனைக்கு இடையே சில வாக்கியங்களும், நாற்காலியில் சற்று நகர்ந்து கொடுக்கும் இடமும், வீட்டில் கால்மணி நேரமும்தான். புதியவருடைய ஆமெனும் நம் பிள்ளையின் ஆமெனும் நம்முடைய ஆமெனோடு கலந்து இந்தப் பட்டணத்திலிருந்து பரலோகத்திற்கு ஏறட்டும்.

விளங்காதவருக்கு விளங்கப்பண்ணும் நாவையும், வெளியே நிற்பவருக்கு இடங்கொடுக்கும் இருதயத்தையும் கர்த்தர்தாமே நம் யாவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.